பூனைகளில் பாராசிட்டமால் நச்சுத்தன்மை

பாராசிட்டமால், மனிதர்களின் காய்ச்சலுக்கும் வலிக்கும் பரவலாகத் தரப்படும் மருந்து. சளி மாத்திரைகள் பலவற்றிலும் இது கலந்திருக்கும். பூனைக்கோ இது நஞ்சு. 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே வளர்ந்த பூனையைக் கொல்லப் போதும். "குழந்தைக்குக் கொடுப்பதில் கால் பங்கு" என்று அன்போடு கணக்குப் போடுவோர் உண்டு. எடையை வைத்துப் போடும் அந்தக் கணக்கு இங்கே செல்லாது.

மனிதக் கல்லீரல் இம்மருந்தின் பெரும்பகுதியைக் குளுக்குரோனிக் அமிலத்துடன் இணைத்துச் சிறுநீரில் வெளியேற்றுகிறது. இவ்வாறு இணைக்கும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. அதனால் மருந்து வேறு வழியில் சிதைந்து நச்சுப் பொருளாகிறது. அது இரத்தச் சிவப்பணுக்களைத் தாக்க, ஈமோகுளோபின் ஆக்சிசனைச் சுமக்க இயலாத மெத்தீமோகுளோபினாக மாறுகிறது. சில மணி நேரத்தில் ஈறு பழுப்பாகவோ நீலமாகவோ மாறும், முகமும் பாதங்களும் வீங்கும், மூச்சு வாங்கும். பூனை சோர்ந்து கிடப்பதைப் பார்த்து, காய்ச்சல் இன்னும் தணியவில்லை என எண்ணி மற்றொரு துண்டு கொடுத்துவிடும் ஆபத்தும் உண்டு.

நாய்கள் ஓரளவு தாங்கும். அளவு மிஞ்சினால் அவற்றின் கல்லீரல் பழுதாகும். கால்நடை மருத்துவர் சொல்லாமல் கொடுக்கக் கூடாது.

அசிட்டைல்சிஸ்டீன் என்னும் நச்சு முறிவு மருந்து இருக்கிறது. அதை எவ்வளவு விரைவில் தொடங்குகிறோமோ அவ்வளவுக்குப் பயன் கூடும். ஆகவே அறிகுறி தோன்றட்டும் என்று காத்திராமல், மாத்திரை அட்டையுடன் கால்நடை மருத்துவரிடம் செல்ல வேண்டும். உப்பு நீர் புகட்டி வாந்தி எடுக்க வைக்க முயலக் கூடாது. எத்தனை மணிக்கு, எவ்வளவு கொடுத்தோம் என்பதைக் கூச்சப்படாமல் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.