கருவுறுமுன் காப்பு

மனித வாழ்வைச் செம்மைப்படுத்தும் பொருட்டு நம் முன்னோர் வகுத்த சோடச சம்ஸ்காரங்களுள் முதலாவதாக எண்ணப்படுவது கருப்பாதானம். இது கரு உண்டாகுமுன் செய்யப்படுவது. யாவரும் அறிந்த சீமந்தம் அதற்குப் பின்னரே வருகின்றது. இக்கிரியைகளுள் மருத்துவம் முழுவதும் அடங்கிக் கிடக்கின்றதென்று கூறுதல் மிகையாகும். ஆயினும், மகப்பேற்றுக்குரிய ஆயத்தம் கரு உண்டாகுமுன்னரே தொடங்கவேண்டும் என்னும் கருத்து அவ்வொழுங்கில் உண்டு. இன்றைய மருத்துவ நூலோர் வலியுறுத்துவதும் அதுவே. அதற்குரிய காரணங்களை ஈண்டு ஆராய்வாம்.

ஒரு பெண் தான் கருவுற்றிருப்பதை எப்பொழுது அறிகின்றாள்? மாதவிடாய் தவறிய பின்னரன்றோ! அப்பொழுது கருவுக்கு ஏறக்குறைய இரண்டு வாரம் நிறைந்துவிடுகின்றது. ஐயந் தெளிந்து, பெரியோருக்குச் சொல்லி, மருத்துவமனைக்குச் செல்லுமுன் மேலும் சில வாரங்கள் கழிகின்றன. அவ்விடைக்காலத்திற் கரு வாளாவிருப்பதில்லை. மூளைக்கும் முண்ணாணுக்கும் மூலமாகிய நரம்புக்குழாய் 28 ஆம் நாளளவில் மூடிக்கொள்கின்றது. இதயம் நான்காம் வாரத்திலேயே துடிக்கத் தொடங்குகின்றது. எட்டு வாரம் முடிவதற்குள் பேருறுப்புக்கள் யாவும் உருப்பெற்றுவிடுகின்றன. வீட்டுக்கு அத்திவாரம் இட்டு முடிந்தபின் மேற்பார்வை செய்வோர் வந்துசேர்வதை ஒத்தது காலந்தாழ்த்திய கவனிப்பு.

இவ்வுண்மையை உலகுக்கு உணர்த்திய ஆராய்ச்சிகளுள் இரண்டினைக் குறிப்பிடலாம். 1941 இல் அவுஸ்திரேலியாவிலே சிட்னி நகரத்துக் கண்வைத்தியர் நோமன் கிரெக் என்பார், கண்ணிற் படலத்தோடு பிறந்த குழந்தைகள் பலரைக் கண்டு, அவர்தம் தாய்மாரை விசாரித்தார். தாய்மாருட் பெரும்பாலோர் கருவுற்ற தொடக்கத்தில் றுபெல்லா எனப்படும் ஜேர்மன் சின்னமுத்து நோயுற்றிருந்தனர். தாய்க்குச் சில நாட் காய்ச்சலாகக் கழியும் நோய், சேயின் பார்வையையும் செவிப்புலனையும் இதய நலத்தையும் கெடுக்க வல்லதென்பது பின்னர்த் தெளிவாயிற்று. இதற்குத் தடுப்பூசி உண்டு; இலங்கையில் அது 1996 இற் புகுத்தப்பட்டது. எனினும், உயிருள்ள கிருமியை வலிகுன்றச் செய்து ஆக்கப்பட்டதாதலின், கருவுற்றபின் அதனை இடலாகாது. இட்டபின்னும் ஒரு மாதம் கருத்தரியாதிருத்தல் வேண்டும். கருவுறுமுன் காப்பு என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

மற்றையது போலிக்கமிலம் பற்றியது. கருப்பகாலத்தில் உண்டாகும் ஒருவகைக் குருதிச்சோகை மதுவச் சாரத்தால் நீங்குவதை, பம்பாயிலே பணியாற்றிய ஆங்கில மருத்துவ அம்மையார் லூசி வில்ஸ் 1931 இல் வெளியிட்டார். அச்சாரத்திலிருந்த பொருளே பின்னர்ப் போலிக்கமிலமென அறியப்பட்டது. கீரையிலும் பயறு வகைகளிலும் அது உண்டு. நரம்புக்குழாய்க் குறையோடு கூடிய பிள்ளையை முன்னர்க் கருவுற்ற தாய்மாரிடையே, ஏழு நாடுகளில் நடாத்தப்பட்டு 1991 இல் வெளிவந்த ஆய்வு, அவ்வமிலத்தை முன்கூட்டியே உட்கொண்டோர்க்கு அக்குறை மீண்டும் நேர்வது நூற்றுக்கு 72 பங்கு குறைந்ததெனக் காட்டிற்று. ஆதலின், கருத்தரிக்க எண்ணும் பெண்கள் ஒரு மாதமேனும் முந்தித் தொடங்கி, முதல் மூன்று மாதங்கள் முடியும்வரை, நாடோறும் குறைந்தது 400 மைக்கிரோகிராம் அளவு அதனை உட்கொள்ளல் வேண்டும். நீரிழிவுடையோர் முதலிய சிலர்க்கு மருத்துவர் அதனினும் மிகுத்து விதிப்பர்.

இனி, தாயிடத்து முன்னரே குடிகொண்ட நோய்களை நோக்குவாம். நீரிழிவுடையாள் குருதியின் வெல்லத்தை அடக்காது கருவுறின், பிள்ளைக்கு உறுப்புக்குறை நேரும் இடர் மிகும். முன்னரே அதனை ஒழுங்குக்குக் கொணரின் அவ்விடர் பெரிதுங் குறையும். உயர் குருதியமுக்கத்துக்குரிய மருந்துகளுட் சிலவும், வலிப்புக்குரிய வல்புரோவேற்று என்பதும் கருவுக்குத் தீங்கானவை. இதனைக் கேட்டு மருந்தைத் தாமே நிறுத்துதல் பெருங்கேடு. வலிப்பு மீண்டு தாயும் சேயும் மாளவுங்கூடும். மருத்துவரைக் கண்டு, கருவுறுமுன் மருந்தை மாற்றிக்கொள்வதே நெறி.

இதயநோயோ பெரும்பாலும் அறியப்படாது கிடப்பது. அன்றேல், அறிந்தும் மறைக்கப்படுவது. பள்ளிப்பருவத்தில் தொண்டைநோவினைத் தொடர்ந்து மூட்டுக்கள் வீங்கி வாதக்காய்ச்சலுற்ற சிறுமிக்கு, நாளடைவில் இதயத்தின் வால்வு ஒடுங்கிவிடுதலுண்டு. அவள் வீட்டுவேலை செய்து நலமுடையாள் போலவே இருப்பாள். கருப்பகாலத்திலோ உடலின் குருதி ஏறக்குறைய அரைப்பங்கு மிகுகின்றது. ஒடுங்கிய வால்வு அதனைத் தாங்கமாட்டாது. மூச்சுத் திணறி உயிர் நீங்கவும் நேரும். மாதந்தோறும் பெனிசிலின் ஊசி பெற்றுவந்த பெண்பிள்ளைக்கு மணப்பேச்சுத் தொடங்கியதும் கிளினிக்குக்குப் போவது நிறுத்தப்படுதலை ஆசிரியராகிய யாம் கண்டிருக்கின்றோம். மாப்பிள்ளை வீட்டார் அறிந்தாற் சம்பந்தம் குழம்பிவிடுமென்பது பெற்றோரின் அச்சம். சாதகத்தில் ஒரு கிரகத்தையும் தவறவிடாது பொருத்தம் பார்க்கும் நாம், கிளினிக் கொப்பியை அலுமாரிக்குள் ஒளித்துவைக்கின்றோம்! மறைத்த நோய் கருப்பகாலத்தில் தானே வெளிப்படும். அப்பொழுது காலம் கடந்துவிடும். முன்னரே சொல்லியிருப்பின், வால்வைத் திருத்தியபின் கருவுற வழியுண்டு.

தலசீமியாவும் இத்தகையதே. அதன் காவிகளாகிய இருவர் மணப்பின், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் நேர நாலிலொரு பங்கு இடமுண்டு. மணத்துக்கு முன்னர்ச் செய்யும் குருதிச்சோதனை இதனைக் காட்டிவிடும். அச்சோதனை ஆணுக்கும் உரியது. பெண்ணின் தலையில் மாத்திரம் சுமத்தற்பாலதன்று.

கருவுற்றபின் செய்யவேண்டுவன பலரும் அறிந்தவையாதலின் சுருங்கக் கூறுவாம். எட்டு வாரத்துக்குள் குடும்பநல மாதிடம் பதிதல் நன்று. குருதியும் சிறுநீரும் குருதியமுக்கமும் ஒழுங்காகச் சோதிக்கப்படல் வேண்டும். கருப்பகால நீரிழிவை அறியும் வெல்லச் சோதனையை 24 ஆம் வாரத்துக்கும் 28 ஆம் வாரத்துக்கும் இடையில் தவறவிடலாகாது. கடுந்தலையிடி, கண் மங்கல், மேல்வயிற்று நோ, முகவீக்கம் ஆகியன சூல்வலிப்புக்கு முன்னோடிகளாதல் கூடும். இவையும், குருதிப்போக்கும், மூச்சுத்திணறலும், சிசுவின் அசைவு குறைதலும் கண்டால், அடுத்த கிளினிக் நாளை எதிர்பாராது, நள்ளிரவாயினும் அப்பொழுதே மருத்துவமனைக்குச் செல்லல் வேண்டும்.

1930 களில் இலங்கையில் ஓரிலட்சம் பிறப்புக்கு ஏறக்குறைய 2,000 தாய்மார் இறந்தனர். 2015 ஆம் ஆண்டளவில் அத்தொகை 40 இலுங் குறைந்தது. 1926 இற் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையும், வீடுதோறும் சென்ற மருத்துவமாதரின் உழைப்பும், பெண்கல்வியும் இதற்குத் துணைநின்றன. எஞ்சிய மரணங்களைக் குறைக்க வேண்டுமாயின் கருவுறுமுன்னரே தொடங்கவேண்டும். புதுமணத் தம்பதியருக்கெனச் சுகாதார சேவையில் முன்கவனிப்புத் திட்டமும் உண்டு. நாளை மணமக்களாகவும் பெற்றோராகவும் ஆகவிருக்கும் மாணவர், மணநாளுக்கு நாள் பார்க்குங்காலத்து, மருத்துவரைக் காண்பதற்கும் ஒரு நாள் குறிப்பாராக.