எல்லையின் இருபுறமும் ஒரே வயல்

நாகூரிலிருந்து வாஞ்சூர் வழியாகக் காரைக்கால் பிரதேசத்தினுள் பிரவேசிக்கும் பிரயாணிக்கு, எல்லையின் இருபுறமும் ஒரே களிமண்ணும், காவிரியின் கடைமடை நீரும், சம்பாப் பயிருமே தென்படும். ஆயினும் அவ்வயல்களின் கீழே எண்ணெய் தேடித் துளையிடுவதைப் பற்றிய சட்டம் மட்டும் அவ்விடத்தில் மாறிவிடுகிறது. 2020 பிப்ரவரியில் தமிழகச் சட்டசபை நிறைவேற்றிய பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம், தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களில் புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகளுக்குத் தடை விதித்தது. புதுச்சேரியைச் சேர்ந்த காரைக்காலை அது கட்டுப்படுத்தாது.

பெட்ரோலியமோ அரசியல் சட்டப்படி மத்திய அரசின் அதிகாரத்துக்குட்பட்டது. அந்த அரசு சில ஆண்டுகளாகத் தன் விதிகளைத் தளர்த்தி வருகிறது. 1948-ஆம் ஆண்டின் எண்ணெய் வயல்கள் சட்டத்துக்கு 2025 மார்ச்சில் பாராளுமன்றம் செய்து முடித்த திருத்தம், விதி மீறுவோருக்கு இருந்த ஆறு மாதச் சிறையையும் ஆயிரம் ரூபாய் அபராதத்தையும் நீக்கி, 25 லட்சம் வரை அபராதமும், மீறல் தொடர்ந்தால் நாளொன்றுக்கு 10 லட்சம் வரை மேலும் அபராதமும் விதிக்க வகை செய்தது. பழைய ஆயிரம் ரூபாய் துளைக்கோபுரத்தின் ஒரு நாழிகைச் செலவுக்கும் காணாதாகையால், அபராதம் உயர்ந்ததை நான் வரவேற்கிறேன்.

என் மனம் ஒப்பாதது, 2020 ஜனவரியில் வந்த வேறொரு தளர்வே. எண்ணெய், எரிவாயு உண்டா என்று கண்டறியத் தோண்டும் ஆய்வுக் கிணறுகளுக்குச் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையும் பொதுமக்கள் கருத்துக் கேட்பும் வேண்டுவதில்லை என்று அன்று ஆயிற்று. மாவட்ட அதிகாரியின் தலைமையில் கூடும் அக்கூட்டத்திலே, ஒரு குடியானவர் எழுந்து, துளையிட்ட சேற்றை எங்கே கொட்டுவீர்கள், குழாய் கசிந்தால் எங்கள் வாய்க்கால் என்னாகும் என்று கேட்டால், அக்கேள்வி நடவடிக்கைக் குறிப்பில் ஏறும். நிறுவனம் தன் இறுதி அறிக்கையில் அதற்குச் சமாதானம் கூறவும் வேண்டும். வயலில் முதல் துளை விழுமுன் சாமானியனுக்கு இருந்த அந்த வாய்ப்பு போய்விட்டது. எண்ணெய் கிடைத்து உற்பத்தி தொடங்கும் கட்டத்தில் கேட்பது உண்டு என்பார்கள். கோபுரம் நிமிர்ந்த பிறகு கேட்கிற அபிப்பிராயத்துக்கு என்ன மதிப்பு இருக்கும்?

காரைக்கால் எரிவாயுவுக்குச் சத்துரு அன்று. நிரவியில் ஓ.என்.ஜி.சி.யின் காவிரிப் படுகை அலுவலகம் இருக்கிறது, திருமலைராயன்பட்டினத்தில் 32.5 மெகாவாட் மின்நிலையம் 2000-ஆம் ஆண்டில் இப்படுகையின் வாயுவைக் கொண்டே இயங்கத் தொடங்கியது. இவ்வளவு கொடுத்த ஊர், தன்னையும் ஒரு வார்த்தை கேட்கச் சொல்வது நியாயமே. ஆய்வுக் கிணறுகளுக்குக் கருத்துக் கேட்பை மீட்டுத் தருமாறு புதுச்சேரியின் ஒரே மக்களவை உறுப்பினர் டில்லியில் வற்புறுத்த வேண்டும். காரைக்கால் வயல்களுக்கும் தமிழகத்தைப்போல் ஒரு பாதுகாப்புச் சட்டம் இயற்றப் புதுச்சேரி சட்டசபை முன்வர வேண்டும்.