சிவப்புக் கம்பளத்தில் வாத்துகள்... நடக்கும் தூரத்தில் அறை எண் 306!

காலை மணி 10.45. அமெரிக்காவின் டென்னசி மாநிலம், மெம்பிஸ் நகரத்தின் நடுவே இருக்கும் பீபாடி ஹோட்டலின் வரவேற்புக் கூடத்தில் உட்கார இடமில்லை. சிவப்புக் கம்பளத்தின் ஓரமாகக் குழந்தைகள் தரையிலேயே சம்மணம் போட்டுவிட்டார்கள். மாடத்தில் பெரியவர்கள் செல்போனோடு தயார். சரியாக 11 மணிக்கு லிஃப்ட் கதவு திறக்கிறது. வெளியே வருவது சினிமா நட்சத்திரம் அல்ல, ஐந்து வாத்துகள்!

ஒரு ஆண், நான்கு பெட்டை. பேண்டு இசை முழங்க, கம்பளத்தின் மேல் தத்தித் தத்தி நடந்து, படியேறி, கூடத்தின் நடுவிலுள்ள இத்தாலியப் பளிங்கு நீரூற்றுக்குள் தொபுக்கென்று குதிக்கின்றன. மாலை 5 மணி வரை நீச்சல். பிறகு அதே கம்பளம், அதே லிஃப்ட், மொட்டை மாடியில் இருக்கும் சொந்த அரண்மனை. பெயருக்கு அரண்மனை இல்லை, நிஜமாகவே லட்சக்கணக்கான டாலர் செலவில் கட்டியது. மூன்று மாதம் பணி முடிந்ததும் வாத்துகள் வளர்ந்த பண்ணைக்கே திரும்பிவிடும். அடுத்த அணி வரும். இந்த ஹோட்டலின் எந்த உணவகத்திலும் வாத்துக் கறி கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எல்லாம் ஒரு குறும்பில் தொடங்கியது. 1930களில் ஹோட்டலின் மேலாளர் ஃபிராங்க் ஷட், நண்பரோடு பக்கத்து மாநிலமான ஆர்கன்சாவுக்கு வேட்டைக்குப் போனார். திரும்பியபோது இருவருக்கும் விஸ்கி கொஞ்சம் அதிகம். காட்டு வாத்துகளை ஏமாற்றி இறக்குவதற்காகக் கொண்டுபோன வளர்ப்பு வாத்துகளை நீரூற்றில் விட்டுவிட்டார்கள். மறுநாள் திட்டு விழும் என்று பார்த்தால், விருந்தினர்கள் சொக்கிப்போனார்கள்.

நடை பழக்கிவிட்டவர் எட்வர்ட் பெம்ப்ரோக். சர்க்கஸில் விலங்குகளைப் பழக்கியவர், ஹோட்டலில் பெட்டி தூக்கும் வேலைக்கு வந்திருந்தார். 1940இல் 'டக் மாஸ்டர்' ஆனவர், 1991 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். அரை நூற்றாண்டு! பெம்ப்ரோக் கறுப்பினத்தவர். வாத்துகள் சிவப்புக் கம்பளத்தில் நடந்த அந்த ஆண்டுகளில், அவரைப் போன்ற ஒருவர் பணம் கொடுத்தாலும் தெற்கத்திய நகரங்களின் இத்தகைய ஹோட்டல்களில் விருந்தினராகத் தங்க முடியாது. வாத்துகளின் நடைக்கு வாசிக்கும் இசையின் பெயர் 'கிங் காட்டன் மார்ச்'. பருத்தி மன்னன்! அடிமைகள் பறித்த பருத்தியால் செழித்த ஊர் இது.

சரி, கறுப்பினப் பயணிகள் எங்கே தங்கினார்கள்? பீபாடியிலிருந்து தெற்கே கிளம்பி, ப்ளூஸ் இசைக்குப் பேர்போன பீல் தெருவைத் தாண்டினால், கால் மணியோ இருபது நிமிடமோ நடந்தால் போதும், லொரெய்ன் மோட்டல். வால்டர் பெய்லியும் மனைவி லோரியும் 1945இல் வாங்கி நடத்திய விடுதி. ரே சார்லஸ், அரேத்தா ஃபிராங்ளின், ஓட்டிஸ் ரெடிங் எல்லாம் தங்கிய இடம். 'இன் த மிட்நைட் அவர்' பாட்டு உருவானதும் இங்கேதான்.

1968 பிப்ரவரியில், மழைக்கு ஒதுங்கிய இரண்டு துப்புரவுத் தொழிலாளர்கள் குப்பை லாரியின் இயந்திரத்தில் நசுங்கி இறந்தார்கள். சுமார் 1,300 தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 'நான் ஒரு மனிதன்' என்பதுதான் அவர்கள் கையில் பிடித்த அட்டை. அவர்களுக்குத் துணை நிற்க வந்த மார்ட்டின் லூதர் கிங், லொரெய்னில் அறை எண் 306இல் தங்கினார். ஏப்ரல் 4 மாலை 6.01க்கு, அறைக்கு வெளியே பால்கனியில் நின்றபோது சுடப்பட்டார். அன்றிரவே லோரி பெய்லிக்கு மூளையில் ரத்தக்கசிவு. கிங்கின் இறுதிச்சடங்கு நடந்த ஏப்ரல் 9ஆம் தேதி லோரியும் இறந்தார். வால்டர் அதன்பிறகு 306ஐ யாருக்கும் வாடகைக்கு விடவில்லை.

அதற்குப் பிறகு மெம்பிஸின் மையப் பகுதியே களையிழந்தது. பீபாடி 1975இல் மூடப்பட்டது. பெல்ஸ் குடும்பம் வாங்கிப் புதுப்பித்து 1981இல் திறந்தது. கடனில் மூழ்கிய லொரெய்ன் 1982இல் ஏலத்துக்கு வந்தது. ஊர்க்காரர்கள் ஒன்றுசேர்ந்து 1,44,000 டாலருக்கு எடுத்தார்கள். 1991இல் அது தேசியக் குடியுரிமைகள் அருங்காட்சியகமானது. பெம்ப்ரோக் ஓய்வு பெற்ற அதே ஆண்டு!

அருங்காட்சியகத்துக்காக வெளியேற்றப்பட்ட கடைசிக் குடியிருப்பாளரான ஒரு பெண்மணி, எதிரிலேயே பல ஆண்டுகள் போராட்டம் நடத்தினார். இத்தனை பணத்தை ஏழைகளின் வீட்டுக்குச் செலவழித்தால் கிங் மகிழ்ந்திருப்பார் என்பது அவர் வாதம். லேசில் தள்ளிவிட முடியாத கேள்வி அது.

பீபாடியில் அறை வாடகை நடுத்தரக் குடும்பத்துக்குக் கொஞ்சம் கடிக்கும். ஆனால், வாத்து ஊர்வலம் எல்லோருக்கும் இலவசம். அரை மணி முன்னதாகப் போனால் குழந்தைகளுக்கு முன்வரிசை கிடைக்கும். 11 மணிக்கு அதைப் பார்த்துவிட்டு லொரெய்னுக்கு நடக்கலாம். அங்கே 306ஆம் அறை அந்த மாலையில் இருந்தபடியே இருக்கிறது. கலைந்த படுக்கை, குடித்து வைத்த காபிக் கோப்பை. வெளியே பால்கனிக் கம்பியில் ஒரு மலர்வளையம். அங்கிருந்து 4 மணி வாக்கில் கிளம்பினால், வாத்துகள் மாடி ஏறுவதற்குள் பீபாடிக்குத் திரும்பிவிடலாம்.