46 டாலரில் தொடங்கும் பட்டப்படிப்பு

கலிஃபோர்னியாவில் பள்ளி முடித்த பிள்ளை பெர்க்லி பல்கலைக்கழகத்தில் படிக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, எல்லோரும் முட்டிமோதும் முதலாண்டுச் சேர்க்கை. மற்றது, பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் இரண்டாண்டு படித்துவிட்டு மூன்றாமாண்டில் போய்ச் சேர்வது. பட்டச் சான்றிதழில் கம்யூனிட்டி காலேஜின் பெயரே இருக்காது.

பின்வாசல் என்று இதை ஏளனம் செய்பவர்கள் உண்டு. ஆனால் 1960-இல் அந்த மாநிலம் வகுத்த உயர்கல்வித் திட்டத்திலேயே இந்த வழிக்கு இடம் இருக்கிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் (யூ.சி.) இரண்டு முதலாண்டு மாணவருக்கு இப்படி மாறி வரும் ஒரு டிரான்ஸ்பர் மாணவரைச் சேர்ப்பதை இலக்காக வைத்திருக்கிறது. மாநிலவாசிகளுக்குக் கம்யூனிட்டி காலேஜ் கட்டணம் யூனிட்டுக்கு (பாட அளவின் அலகுக்கு) 46 டாலர். டிரான்ஸ்பருக்கு வேண்டிய 60 யூனிட்டுக்கு 2,760 டாலர். யூ.சி.யில் ஓராண்டுக் கட்டணமே 14,000 டாலரைத் தாண்டும். மாணவர் விசாவில் வருபவர்களுக்கு இந்த மலிவு கிடையாது. பல மடங்கு கட்ட வேண்டும்.

ஆனால் ஆளைக் கவிழ்ப்பது யூனிட் கணக்கு. ஒரு பாடத்தின் யூனிட்டைப் பல்கலைக்கழகம் ஏற்பது வேறு; மேஜருக்கு (முதன்மைப் படிப்புக்கு) தேவையான பாடமாக அதை எண்ணுவது வேறு. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க நினைப்பவர் சுலபமான பாடங்களாகப் பொறுக்கி 60 யூனிட் சேர்த்தாலும், கால்குலஸ் வரிசையை முடிக்காவிட்டால் பயனில்லை. அந்த வரிசையோ ஒன்றை முடித்தால்தான் அடுத்தது என்று நீள்வது. அதற்கு முந்தைய கணக்குப் பாடத்திலிருந்து தொடங்குபவருக்கு இரண்டாண்டு எளிதில் மூன்றாகிவிடும். எந்தக் காலேஜின் எந்தப் பாடம் எந்தப் பல்கலைக்கழகத்தில் எதற்கு ஈடு என்பதை 'அசிஸ்ட்' என்ற இணையதளம் இலவசமாகக் காட்டுகிறது. அதை முதல் செமஸ்டருக்கு முன்பே பார்த்து, போக வேண்டிய இடத்திலிருந்து பின்னோக்கிப் பாடங்களைத் தேர்வு செய்வதுதான் புத்திசாலித்தனம். கவுன்சிலரைப் பார்ப்பதும் அப்போதே.

அமெரிக்கா முழுவதும் கம்யூனிட்டி காலேஜில் தொடங்குபவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவர்தான் ஆறாண்டுக்குள் இளங்கலைப் பட்டம் பெறுகிறார். வேலை, குடும்பம், பகுதிநேரப் படிப்பு எல்லாம் இதற்குக் காரணங்கள். வீணாய்ப்போன யூனிட்டுகளுக்கும் பங்குண்டு.

உறுதியான இடம் வேண்டுபவர்களுக்கு 'டேக்' என்ற ஏற்பாடு இருக்கிறது. நிபந்தனைகளை நிறைவேற்றினால் டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறு யூ.சி. வளாகங்களில் ஒன்றில் இடம் நிச்சயம். எல்லா மேஜருக்கும் அல்ல. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியாகோ வளாகங்கள் இதில் சேரவில்லை, அங்கே போட்டிதான். 'டேக்' விண்ணப்பம் செப்டம்பரில் ஒரே ஒரு வளாகத்துக்கு மட்டும். அதை அனுப்பியவரும் வழக்கமான சேர்க்கை விண்ணப்பத்தைத் தனியே அனுப்பியாக வேண்டும்.