ஆரோக்கியப் பச்சை

திருவனந்தபுரம் மாவட்டத்தின் கிழக்கே அகத்தியர் மலை உள்ளது. அங்குள்ள காடுகளில் காணி மக்கள் வாழ்கிறார்கள். மலைக்கு இந்தப் பக்கம், பாபநாசத்திலும் காணி மக்கள் உண்டு.

1987ஆம் ஆண்டு. மூலிகை தேடி விஞ்ஞானிகள் சிலர் அந்த மலை ஏறினார்கள். காணிகள் வழி காட்டினார்கள். ஏற ஏற விஞ்ஞானிகளுக்கு மூச்சு வாங்கியது. காணிகளுக்கோ களைப்பே இல்லை. அவர்கள் ஏதோ சின்னக் காய்களை மென்றபடி நடந்தார்கள். விஞ்ஞானிகளும் வாங்கித் தின்றார்கள். களைப்பு குறைந்தது.

அது எந்தச் செடியின் காய்? காணிகள் உடனே சொல்லவில்லை. வெளியாருக்குச் சொல்லக் கூடாத செய்தி அது. திரும்பத் திரும்பக் கேட்ட பிறகுதான் செடியைக் காட்டினார்கள். மர நிழலில் வளரும் சிறிய செடி. அதன் பெயர் ஆரோக்கியப் பச்சை.

சித்த மருத்துவத்துக்கு ஓலைச் சுவடி உண்டு. ஆயுர்வேதத்துக்கும் நூல்கள் உண்டு. காணிகளின் மருத்துவம் எந்த ஏட்டிலும் இல்லை. வாய் சொல்லிக் காது கேட்டு வந்த அறிவு அது.

பாலோடு என்ற ஊரில் அரசின் தாவர ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. டாக்டர் புஷ்பாங்கதனும் மற்ற விஞ்ஞானிகளும் அங்கே ஆராய்ந்தார்கள். செடியின் இலையிலும் களைப்பைப் போக்கும் குணம் இருந்தது. அந்த இலையோடு அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிராந்தி சேர்த்து ஒரு மருந்து செய்தார்கள். அதற்கு 'ஜீவனி' என்று பெயர் வைத்தார்கள்.

1995இல் கோயமுத்தூர் ஆர்ய வைத்திய பார்மசி அந்த மருந்தைச் செய்து விற்கும் உரிமையைப் பெற்றது. அதற்காக நிலையத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும். விற்பனையில் நூற்றுக்கு 2 ரூபாயும் தர வேண்டும். இவற்றில் பாதி காணிகளுக்கு என்று நிலையம் முடிவு செய்தது.

நல்ல முடிவுதான். ஆனால் அந்த ஒப்பந்தத்தில் காணிகளின் கையெழுத்து இல்லை. காணி வைத்தியர்களைப் பிலாத்திகள் என்பார்கள். அவர்களில் சிலர் முதலமைச்சருக்குக் கடிதம் எழுதினார்கள். தங்கள் அறிவைத் தனியார் கம்பெனிக்கு விற்கக் கூடாது என்றார்கள்.

பணத்தை யார் கையில் கொடுப்பது? காணிகளுக்குச் சங்கம் இல்லை. 1997இல்தான் காணிகளின் பெயரில் ஓர் அறக்கட்டளை பதிவானது. 1999இல் 5 லட்சம் ரூபாய்க்கு மேல் அதற்கு வந்து சேர்ந்தது. உலகமே இதைப் பேசியது. காட்டு மக்களின் அறிவை மதித்து அவர்களுக்குப் பங்கு தர வேண்டும் என்று 1992இலேயே பல நாடுகள் ஒப்புக்கொண்டிருந்தன. அப்படிப் பங்கு கொடுத்துக் காட்டிய முதல் இடங்களில் இதுவும் ஒன்று.

பிறகு இலைக்குத் தட்டுப்பாடு வந்தது. செடி காட்டு நிழலில்தான் நன்றாக வளரும். காட்டிலிருந்து இலை எடுத்துச் செல்ல வனத்துறை தடை சொன்னது. செடியைக் காட்டிக் கொடுத்த காணிகளுக்கும் அதே தடைதான்.