கொடி ஏந்தாத மாரியப்பன்

2021 ஆகஸ்ட் 24. டோக்கியோ பாராலிம்பிக் தொடக்க விழா. இந்தியக் கொடியை ஏந்தி வந்தவர் டேக் சந்த். ஏந்த வேண்டியவரோ நம் சேலத்து மாரியப்பன் தங்கவேலு! டோக்கியோ சென்ற விமானத்தில் உடன் வந்த வெளிநாட்டுப் பயணி ஒருவருக்குக் கொரோனா. மாரியப்பனுக்கு நோய் இல்லை. சோதனைக்கு மேல் சோதனை செய்தும் இல்லை என்றே வந்தது. ஆனாலும் விழாவுக்கு வர வேண்டாம், ஒதுங்கியிருங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

ஓமலூரை அடுத்த பெரியவடகம்பட்டிக்காரர் அவர். 5 வயதில் பஸ் ஏறி வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கியது. தாயார் சரோஜா காய்கறி விற்று வளர்த்தார். அவரைப் பெங்களூருக்கு அழைத்து வந்து பயிற்சி கொடுத்தவர் சத்தியநாராயணா. 2016-ல் ரியோவில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார்.

வெளியூர்ப் பயணம் என்றால் நமக்கு மூட்டை முடிச்சுக் கவலை. விளையாட்டு வீரருக்கோ உடம்பையும் மனதையும் கெடாமல் கொண்டுபோய்ச் சேர்க்கும் கவலை. ஹாலந்து கால்பந்து வீரர் டென்னிஸ் பெர்க்காம்ப், 1994 உலகக் கோப்பைக்குப் பிறகு விமானம் ஏற மறுத்துவிட்டார். அவ்வளவு பயம்! ரயிலிலோ காரிலோ போக முடிந்த ஊர்களில்தான் ஆடினார். ஐரோப்பாவில் ரயில் இருந்தது, பிழைத்தார். டோக்கியோவுக்கு ரயில் ஏது?

இங்கிலாந்து கிரிக்கெட் வீரர் மார்கஸ் டிரெஸ்கோதிக் 2006-ல் இந்தியா வந்து, டெஸ்ட் தொடங்குமுன்னரே ஊர் திரும்பினார். முதலில் ஏதோ வைரஸ் என்றார்கள். மனச்சோர்வும் பதற்றமும் என்று பிறகு அவரே சொன்னார். 2008-ல் துபாய் விமானத்தில் ஏற முடியாமல் லண்டன் விமான நிலையத்திலிருந்தே திரும்பினார். அந்த ஆண்டே சர்வதேச ஆட்டத்துக்கு முழுக்குப் போட்டார். இதைக் கோழைத்தனம் என்பவர்கள் உண்டு. காய்ச்சலில் படுத்தவனை யாராவது கோழை என்பார்களா?

மாரியப்பன் திரும்பவில்லை. ஆகஸ்ட் 31 அன்று களம் இறங்கினார். அன்று பார்த்து மழை! 1.80 மீட்டருக்குப் பிறகு மழை வலுத்தது. பழுதுபட்ட காலில் போட்டிருந்த காலுறை நனைந்து, தாண்டுவதே சிரமமாகிவிட்டது என்று அவரே பிறகு சொன்னார். தாண்டியது 1.86, வெள்ளி. தங்கம் வாங்கிய அமெரிக்கர் சாம் குரூ தாண்டியது 1.88. இரண்டே சென்டிமீட்டர்! ஒதுக்கி வைத்த நாட்களைப் பற்றிப் பதக்கப் பட்டியலில் ஒரு வரியும் கிடையாது.

2024-ல் மறுபடி விமானம் ஏறினார், பாரிசுக்கு. 1.85 மீட்டர் தாண்டி வெண்கலம். அடுத்தடுத்து மூன்று பாராலிம்பிக்கில் பதக்கம் வாங்கிய முதல் இந்தியர் அவர்தான்.