இயற்பியல் கற்போம் – 9: ஒரு மணி நேர வகுப்பு, பத்து மணி நேர உழைப்பு

செமஸ்டர் தேர்வு நெருங்கிவிட்டால் கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடைகளில் நிற்க இடம் இருக்காது. சீனியர் எழுதிய நோட்ஸ், அதன் நகல், அந்த நகலின் நகல் எனக் கைமாறி வரும் தாளில் ஒரு மைனஸ் குறி அழிந்திருந்தால், அந்தப் பிழை அப்படியே முப்பது விடைத்தாள்களில் ஏறும். சென்ற வாரம் பாடநூல்களைப் பற்றிப் பேசினோம். இந்த வாரம் நோட்ஸ்.

இயற்பியலில் மிகப் புகழ்பெற்ற வகுப்புக் குறிப்பு, ரிச்சர்ட் ஃபைன்மன் 1961 முதல் 1963 வரை அமெரிக்காவின் கால்டெக்கில் இளநிலை மாணவர்களுக்கு நடத்திய பாடத்திலிருந்து உருவானது. அவர் பேசியது ஒலிநாடாவில் பதிவானது. கரும்பலகையைப் படம் எடுத்தார்கள். அதைத் தட்டச்சு செய்து லேசாகத் திருத்தினால் புத்தகம் தயார் என்றுதான் முதலில் நினைத்தார்கள். நடந்தது வேறு. ஒவ்வொரு வகுப்புக்கும் தேர்ந்த இயற்பியலாளர் ஒருவர் 10 முதல் 20 மணி நேரம் உட்கார வேண்டியிருந்தது என்று அந்தப் புத்தகத்தின் முதல் தொகுதியின் முன்னுரையில், அதைத் தொகுத்தவர்களில் ஒருவரான ராபர்ட் லெய்ட்டன் பதிவு செய்திருக்கிறார். துறையில் ஊறியவருக்கே அவ்வளவு நேரம் என்றால், தேர்வுக்கு முந்தைய இரவு நமக்கு எப்படிப் போதும்?

அந்தத் தொகுதியின் ஈர்ப்பு அத்தியாயத்தில் ஒரு கேள்வி வருகிறது. நிலா ஒரு விநாடியில் பூமியை நோக்கி எவ்வளவு விழுகிறது? விடையைப் படித்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். புத்தகத்தை மூடிவிட்டு நீங்களே போட்டுப் பாருங்கள். கையிலிருந்து நழுவிய கல் முதல் விநாடியில் 4.9 மீட்டர் விழும். நிலா இருப்பது பூமியின் ஆரத்தைப் போல் 60 மடங்கு தொலைவில். அதன் வர்க்கமான 3600-ஆல் வகுத்தால் 1.36 மில்லிமீட்டர். இனி ஈர்ப்பு விதியைத் தொடாமலே இன்னொரு வழி: சுற்றுப்பாதையின் ஆரம் 3,84,000 கி.மீ., ஒரு சுற்றுக்கு 27.3 நாள். ஆக வேகம் விநாடிக்கு 1.023 கி.மீ. அதன் வர்க்கத்தை ஆரத்தின் இரு மடங்கால் வகுங்கள். மறுபடியும் அதே 1.36! அந்த 'இரு மடங்கு' எங்கிருந்து வந்தது என்று தடுக்கினால் அதையும் ஓரத்தில் எழுதி வையுங்கள். தடுக்கிய இடம் குறிக்கப்பட்ட அந்த அரைப்பக்கம்தான் உங்கள் நோட்ஸ்.

ஃபைன்மன் தொகுதிகள் மூன்றையும் இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். சென்னை ஐஐடியில் பேராசிரியராக இருந்த வி. பாலகிருஷ்ணனின் வகுப்புகள் என்பிடெல் வழியாக யூடியூபில் இருக்கின்றன, எம்.எஸ்சி. மாணவர்கள் அவசியம் பார்க்க வேண்டியவை. பார்த்தால் மட்டும் போதாது, நிறுத்தி நிறுத்திக் கணக்குப் போட வேண்டும்.

ப்ளஸ் டூவில் சென்டம் வாங்கிவிட்டு முதல் செமஸ்டரிலேயே அரியர் வைத்து மனமுடைந்தவர்களை நிறையப் பார்க்கிறேன். பள்ளியில் முதலிடம் பிடித்துவிட்டு, கால்டெக்கில் பின்தங்கிப்போன மாணவர்களிடமும் ஃபைன்மன் இதைப் பற்றி விரிவாகப் பேசினார். அந்தப் பேச்சு 2006-இல் வெளியான 'ஃபைன்மன்ஸ் டிப்ஸ் ஆன் ஃபிசிக்ஸ்' நூலில் இருக்கிறது. நூலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

அடுத்த வாரத்துக்குள் உங்கள் பாடத்திலிருந்து ஒரே ஒரு தருவிப்பைப் புத்தகம் பார்க்காமல் எழுதிப் பாருங்கள். நின்றுபோன இடத்தைக் குறித்துக்கொண்டு மறுநாள் ஆசிரியரிடம் கேளுங்கள்.

(தொடரும்)